மாட்டுத் தொட்டிக்குக் கீழே

நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் எங்கள் ஆட்கள் குடியிருந்த வளவுக்கென்று ஒரு கிணறு இருந்தது. இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாசி பிறந்தால் அதில் தவளைகூடத் தங்காது. அதற்குப் பிறகு மழை விழும் வரைக்கும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பண்ணாடியின் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய் நிற்க வேண்டும். பண்ணாடி என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர். எங்கள் ஆண்கள் எல்லாரும் அவரிடம் வருஷ ஆளாக இருந்தார்கள். போய் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னேன், போய் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கிணற்றைத் தொடக் கூடாது. அவர்கள் வீட்டு ஆள் யாராவது மனது வந்து, கை வேலை ஒழிந்து, எங்கள் குடத்தில் உயரத்திலிருந்து ஊற்றும் வரைக்கும் வேலியோரம் நிற்க வேண்டும். நின்று நின்றே எனக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று பின்னால் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாள் சொன்னார். எத்தனை பிள்ளை பெற்றாய் என்று கேட்டார். பிள்ளையால் வந்தது இல்லைங்க, குடத்தால் வந்தது என்று சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது.

எங்கள் சாதியை இங்கே எழுதவில்லை. தோல் தைப்பதும் பண்ணையத்தில் பாடுபடுவதும் எங்கள் வேலை என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கிவிடும். மற்றவர்களுக்கு விளங்கி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஊர் சேந்தமங்கலத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்திருக்கும், மழை பெய்கிறது என்று கண்ணுக்கே தெரியும், கீழே எங்கள் மேட்டுக்காட்டில் ஒரு சொட்டு விழாது. நான் பிறந்து வளர்ந்தது சேலத்தில். என் அப்பா பாதிரிமார் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். அங்கேயே ஐந்தாவது வரைக்கும் படித்தேன். பங்களா வாசலில் ஒரு குழாய் இருந்தது. முந்தி வந்தவர் முந்திப் பிடிப்பார், பிந்தி வந்தவர் சண்டை போடுவார். தண்ணீர் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். தாய்மாமன் மகனுக்குக் கட்டி வைத்தார்கள். படித்த பெண் என்று ஊரெல்லாம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் படிப்பதற்குத்தான் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அவருடைய குடும்பம்தான் பண்ணாடியின் கவலை ஏற்றத்துக்குத் தோல்பறி தைத்துக் கொடுத்தது. கவலை ஏற்றம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும். அவை இழுக்கிற வடத்தில் கட்டிய பெரிய தோல்பறி தண்ணீரோடு மேலே வந்து கல்தொட்டியில் கொட்டும். தண்ணீர் கொட்டியதும் எருதுகள் பின்னாலேயே ஏறி வரும். பொழுது முழுக்க இதே வேலை. அந்தப் பறி செத்துப்போன மாட்டுத் தோல். உரித்தவர்கள் நாங்கள், பதம் போட்டவர்கள் நாங்கள், கையால் தைத்தவர்கள் நாங்கள். அது கிணற்றுக்குள் போகலாம், வரலாம். அதில் வந்த தண்ணீரைப் பண்ணாடி வீட்டில் எல்லாரும் குடிக்கலாம். செத்த மாட்டுக்கு இருந்த உரிமை உயிரோடு இருந்த எங்களுக்கு இல்லை. நான் வந்த புதிதில் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, இதையெல்லாம் வெளியே பேசாதே என்று அடக்கிவிட்டார்.

அதற்கப்புறம் மழை ஏய்த்தது. ஒரு வருஷம் ஏய்த்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து ஏய்த்ததில் பண்ணாடியின் கிணற்றிலேயே பறி தரை தட்டியது. சேற்றை மொண்டுகொண்டு வந்து கொட்டியது. அவருடைய வாழை வாடியது, எருதுகள் வாடின. எங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலியோரம் நாங்கள் நின்றால் ஊற்றுவதற்கு அவர்களுக்கே இல்லை.

கிணற்றைத் தூரெடுத்து இன்னும் ஆழமாக்குவது என்று பண்ணாடி முடிவு செய்தார். கீழே பாறை. வெடி வைத்து உடைத்து, கல்லை மேலே கொண்டுவர வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்க அந்தப் பஞ்சத்தில் அவரிடமும் தெம்பு இல்லை. எங்கள் வளவு ஆட்களைக் கூப்பிட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பேச்சுப் பேசினார். கஞ்சிக்குக் கம்பு மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம், ஆனால் ஊற்று வந்தால் எங்கள் தெருவுக்கென்று தண்ணீர் விட வேண்டும், யாரும் ஊற்றுவதற்காக நாங்கள் காத்து நிற்கக் கூடாது என்று கேட்டார். பண்ணாடி, ஊற்று வரட்டும், உங்களுக்குத் தனியாகத் தொட்டி போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கிழக்குத் திசை பார்த்து, குலசாமி பேரைச் சொல்லிச் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணாடியும் அப்படி ஒரு வார்த்தை கொடுத்ததில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கூலி இல்லாமல் யார் இறங்குவது என்று வளவில் முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். தண்ணி வருதுங்க, நமக்குன்னு வருது, நான் பொறுப்பு என்றார். நான் பொறுப்பு என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பயமாகிவிட்டது. தொட்டி வராவிட்டால் இத்தனை பேரும் எங்கள் வாசலில் வந்து காறித் துப்புவார்கள். வந்தால்தான் அவர் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியும்.

தை முடிந்து தொடங்கிய வேலை சித்திரை வரைக்கும் இழுத்தது. ஆண்கள் கீழே, பெண்கள் படியில். கல்லும் சேறும் கூடை கூடையாகக் கை மாறி மேலே ஏறும். எத்தனை நாளாகத் தொடாதே தொடாதே என்று விரட்டிய கிணறு, வேலை என்று வந்ததும் எங்களை வாவா என்று உள்ளே இழுத்துக்கொண்டது. படியில் உட்கார்ந்தோம், எச்சில் துப்பினோம், பிள்ளைக்குப் பால் கொடுத்தோம். பண்ணாடியின் மகன் வெடி வைக்கிற ஆளோடு கீழே இறங்கி எங்கள் ஆட்களோடு ஒரே வடத்தைப் பிடித்துத் தொங்கினான். ஒரு நாள் கல் சரிந்து அவன் காலில் விழப் போனபோது என் வீட்டுக்காரர் அவனை அள்ளித் தூக்கிச் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. கிணற்றுக்கு வெளியே அந்தப் பையன் அவரைப் பெயர் சொல்லி, டா போட்டுத்தான் கூப்பிடுவான். உள்ளே இருந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டான். ஆனால் கையை விடவில்லை.

ஊற்று வந்தது ஒரு மத்தியானம். கடைசி வெடிக்குப் பிறகு புகை அடங்கியதும் பாறைப் பிளவிலிருந்து நீர் கொட்டியது. கீழே இருந்தவர்கள் கத்திய கத்தலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் நின்று குதிக்கிறார்கள். நானும் இறங்கினேன். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. அந்தக் கிணற்றில் நான் கையை நனைத்துக் குடித்தது அன்றைக்கும் அடுத்த இரண்டொரு நாளும்தான்.

வேலை முடிந்ததும் எங்களை மேலே வரச் சொன்னார்கள். பூசாரி வந்தார். பாலும் மஞ்சள் நீரும் கிணற்றில் ஊற்றினார். கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். எங்களுக்கும் கறி அனுப்பினார்கள். அந்தப் பாலோடு கிணறு சுத்தமாகிவிட்டது. நாங்கள் மறுபடியும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டோம். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டி வரப்போகிறது என்ற சந்தோஷம்.

தொட்டியும் வந்தது. பண்ணாடி வார்த்தை தவறவில்லை. கல்தச்சரைக் கூப்பிட்டு, நல்ல கருங்கல்லில் குடைந்த தொட்டி. பார்த்தவர்கள் கண்ணு வைக்கிற மாதிரி இருந்தது. கவலைத் தொட்டியில் கொட்டுகிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி வரும். முதலில் மாட்டுத் தொட்டி. அது நிறைந்து வழிகிற தண்ணீர் ஒரு கல்மடை வழியாக எங்கள் தொட்டியில் விழும். எங்கள் தொட்டி நிறைந்தால் மிச்சம் வயலுக்குப் போகும். நாங்களே மொண்டுகொள்ளலாம், யாருக்காகவும் நிற்க வேண்டாம். முதல் நாள் காலையில் வளவுப் பெண்கள் எல்லாரும் குடத்தைத் துலக்கிப் பொட்டு வைத்துக்கொண்டு போனோம்.

எருதுகள் அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மூக்கு வரைக்கும் முக்கிக் குடித்துவிட்டுத் தலையை உதறின. எங்கள் மடையில் விழுந்த தண்ணீரில் வைக்கோல் துணுக்கும் நுரையும் மிதந்து வந்தன. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒருத்தி முந்தானையை மடித்துக் குடத்து வாயில் வடிகட்டி மொண்டாள். நானும் அப்படியே மொண்டேன். காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் குடத்தை எட்டிப் பார்த்தார். நுரையை விரலால் தொட்டார். துண்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். போய்ப் பண்ணாடியிடம், தொட்டியை மாற்றி வைத்துவிடுங்கள், எங்கள் தொட்டி முன்னால் இருக்கட்டும், எங்களுக்குப் போக மிச்சம் மாட்டுக்குப் போகட்டும் என்று கேட்டிருக்கிறார். இடத்தை மாற்றினால் போதும், இன்னொரு கல்லும் வேண்டாம், ஒரு நாள் வேலை, நாங்களே செய்துவிடுகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார். பண்ணாடி கோபப்படவில்லை. அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். மாட்டுக்கு முன்னால் என்றால் எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். எருதுதானே தண்ணீரை இழுக்கிறது, இழுத்ததற்கு முதலில் குடிக்கட்டும் என்றாராம். அதற்கு என் வீட்டுக்காரர் சொன்ன பதிலை வளவில் எல்லாரும் பின்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

"எருது இழுக்குதுங்க. இழுக்கறதுக்குத் தண்ணிய நாங்கதானுங்க தோண்டுனோம்."

பண்ணாடி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வளவில் கூடிப் பேசினார்கள். தொட்டியை மாற்றி வைக்கிற வரைக்கும் அதில் யாரும் மொள்ளக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஒரு கிழவர், கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அழுதார். இளவட்டங்கள் என் வீட்டுக்காரர் பக்கம். கடைசியில் சரி என்று முடிந்தது. சரி என்று சொன்ன ஆண்களில் ஒருவரும் தண்ணீர் சுமக்கிறவர்கள் இல்லை.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போது எனக்கு வயிற்றில் ஏழு மாதம். பக்கத்துக் கிணறுகள் எல்லாம் வற்றிக் கிடந்தன. வெகுதூரம் நடந்து ஓடைக்குப் போய், மணலில் குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். குனிந்தால் வயிறு இடிக்கும். வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். பண்ணாடி தோட்டத்து வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் தொட்டி நிறைந்து வழிந்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வெறுங்குடத்தோடு போவேன். வீட்டுக்கு வந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வேன். நுரையை ஊதிவிட்டுக் குடித்தால் செத்தா போய்விடுவோம், இத்தனை நாளும் அவர்கள் கை ஓய்ந்து ஊற்றியதைத்தானே குடித்தோம், இப்போது மட்டும் என்ன ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது என்று கேட்பேன். பண்ணையத்து வேலை ஒழிந்த நாளில் எனக்குப் பதிலாக அவரே குடம் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போக ஆரம்பித்தார். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று வளவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் மேடை போட்டு ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். யாரிடம் எத்தனை காணி, யாருக்கு எவ்வளவு வருமானம் என்று நன்றாகத்தான் பேசுகிறார்கள். எனக்குத்தான் பாதியில் தூக்கம் வந்துவிடும். எங்கள் தொட்டிக்கு வந்த தண்ணீர் குறைவு இல்லை. எங்களுக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. மாடு குடித்த பிறகு வந்தது, அதுதான் விஷயம். இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தெம்பு இல்லை.

அந்த நாட்களில் ஒரு காலையில் பண்ணாடிச்சி வந்தார். பண்ணாடியின் மனைவி. வளவுக்குள் வரமாட்டார், வெளியே வேலாமரத்து நிழலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பார்க்கப் பயமாக இருக்காது. நான் போய்த் தள்ளி நின்றேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். அது நடிப்பு இல்லை. பிள்ளைத்தாய்ச்சி ஓடை வரைக்கும் போவதைப் பார்த்துவிட்டுத் தன்னால் சோறு உண்ண முடியவில்லை என்றார். காலையில் கவலை பூட்டியதும் முதல் பறித் தண்ணீரை, மாட்டுக்கு விடுவதற்கு முன்னால், தானே என் குடத்தில் ஊற்றித் தருவதாகச் சொன்னார். எனக்கு மட்டும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

நான், வரிசையை மாற்றிவிட்டால் எல்லாருக்கும் ஆகுமேங்க என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார்.

"எங்க ஊட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டி, ஆம்பளைங்க உண்டு, புள்ளைங்க உண்டு, ஒறம்பர வந்தா அவிங்களும் உண்டு, பொறகுதான் அம்மிணி நான் உங்கோணும். வரிசையில என்ன இருக்குது? கடைசில வயிறு நெறையுதா இல்லியான்னு பாரு."

அது எனக்குத் தெரியாத செய்தி. அத்தனை நெல்லும் கம்பும் அடுக்கி வைத்த வீட்டில் அவர் கடைசியில் உண்கிறார் என்பதை நான் அதுவரைக்கும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று பார்த்தால் கோபம் வரவில்லை. அவருக்கு மேலேயும் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் வழிந்து வருவதைத்தான் அவரும் குடிக்கிறார். அதை அவர் குறையாகவே நினைக்கவில்லை. என்னையும் அப்படியே இருந்துவிடச் சொல்கிறார், அன்போடு சொல்கிறார். அன்போடு சொல்கிறவர்களிடம் சண்டை போடுவதைப்போல அலுப்பான வேலை உலகத்தில் வேறு இல்லை.

வேண்டாமுங்க, ஊத்துனா எல்லாருக்கும் ஊத்துங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெரிய வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்துக்குப் போகிற வழி ஒன்றுதான். நான் நிறைகுடத்தோடு திரும்பினால் வளவு முழுக்கப் பார்க்கும். என் வீட்டுக்காரர் அப்புறம் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பார்.

பண்ணாடி எங்களை அடிக்கவில்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லை. எங்கள் ஆட்கள் வழக்கம்போல அவர் காட்டு வேலைக்குப் போனார்கள், வந்தார்கள். அவர் பாட்டுக்கு அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். வளவில்தான் பொறுமை கரைந்துகொண்டு வந்தது. ஒருத்தி இருட்டோடு போய் மொண்டுகொண்டு வந்துவிட்டாள் என்று இன்னொருத்தி தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். என் வீட்டுக்காரர் நடந்து போனால் பேச்சு நின்றுவிடும். நான் பொறுப்பு என்று சொன்னாயே என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. திட்டிக்கொண்டே இருந்த நான்தான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் கையில் கொடுத்துக் குடிக்க வைத்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஓடையிலிருந்து திரும்புகிற வழியில் பார்த்தேன். மாட்டுத் தொட்டியைக் காணவில்லை. பண்ணாடியின் ஆட்கள் கடப்பாரை போட்டு அதைக் கிளப்பி, கிணற்றுக்கு மறுபக்கம் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மாட்டுக்குத் தனி வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். எங்கள் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. வாய்க்கால் தண்ணீர் நேராக அதில் வந்து விழுந்தது. உள்ளே இருந்த உளி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. கல்தச்சர் மறந்து போட்டுவிட்டுப் போன சின்ன உளி, நுரைத் தண்ணீரில் அத்தனை நாளும் யார் கண்ணுக்கும் படாமல் கிடந்திருக்கிறது.

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளவுக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்று தெரியும், ஓடினேன். சொன்னதும் வளவே எழுந்து வந்துவிட்டது. தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டு பெண்கள் அழுதார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தவளும் இழுக்கப்பட்டவளும் கட்டிக்கொண்டார்கள். கெடுத்துக்கொள்ளாதே என்று அன்றைக்கு அழுத கிழவர் என் வீட்டுக்காரரைத் தேடினார். பண்ணாடி கூப்பிட்டார் என்று அவர் போயிருப்பதாகச் சொன்னார்கள். வரட்டும், தோளில் தூக்கிக்கொண்டு போவோம் என்று இளவட்டங்கள் காத்திருந்தார்கள்.

வந்தார். தூக்கினார்கள். கிழவர் தன் துண்டையே அவருக்குப் போர்த்தினார். பண்ணாடியை எதிர்த்துப் பேசி மனசை மாத்திப்போட்ட ஆளு என்று யாரோ சொன்னார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் எதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் சொம்பில் அந்தத் தண்ணீரைக் கொடுத்தேன். கையில் வாங்கிக் கீழே வைத்தார். பண்ணாடி என்ன சொன்னார் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். விடாமல் கேட்டேன். பண்ணாடி சந்தோஷமாகத்தான் பேசினாராம். உட்காரச் சொன்னாராம், அவர் வாசலில் அது நடக்காத காரியம். மகள் கல்யாணத்துக்கு மல்லசமுத்திரத்துப் பக்கமிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். அதனால் எந்தப் பேச்சும் மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டேன் என்றாராம். அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படியே, குரலை ஏற்றாமல் இறக்காமல், எனக்குச் சொன்னார்.

"நீ சொன்னாப்புல உங்க தொட்டிய மேல வெச்சா, உங்க கை பட்ட தண்ணி மாட்டுக்குப் போவுது. அந்த மாட்டுப் பாலுதான் சாமிக்கும் போவுது, எங்களுக்கும் வருது. சம்பந்தம் பேச வரவிங்க கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்? அதான் மாட்டத் தனியாப் பிரிச்சுட்டேன். உன்ற பேச்சும் நின்னுது, என்ற மானமும் நின்னுது."

எனக்குச் சட்டென்று ஏறவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் ஏறியது. மாட்டின் எச்சில் எங்களுக்கு வரக் கூடாது என்று நாங்கள் கேட்டோம். எங்கள் எச்சில் மாட்டுக்குப் போகக் கூடாது என்று அவர் பிரித்தார். அந்த மாட்டைக் குளிப்பாட்டுகிறது நாங்கள், மேய்க்கிறது நாங்கள், சாணி அள்ளுகிறது நாங்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்கு, எங்களுக்குப் பின்னால் மாடு குடிக்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்டபோது, தான் என்ன கேட்கிறோம் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அத்தனை பேர் கூடிப் பேசினோமே, ஒருவருக்கும் தோன்றவில்லை. சுத்தமான தண்ணீர் கேட்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் அந்தச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"என்னத்தச் சொல்றது புள்ள? கேட்டது கெடச்சிருச்சே."

வளவில் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தண்ணி எடுத்துக்கட்டும் என்றார். பிறகு சொம்பை எடுத்து ஒரு மூச்சில் குடித்தார். வெளியே அவர் பேரைச் சொல்லிக் கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஏழு மாதம் என்று சாக்குச் சொல்லி நான் போகவில்லை.

மறுநாள் காலையில் வளவுப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் போனோம். என்னைத்தான் முதலில் மொள்ளச் சொன்னார்கள். தொட்டியோரம் நான் குனிந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணாடிச்சி வந்து நின்றார். மகளின் கல்யாணப் பேச்சு வந்ததாலோ என்னவோ, முகமெல்லாம் மலர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"இனி மாட்டு எச்சில் இல்ல அம்மிணி, உங்களுக்குன்னு தனியா வருது. மனசு குளுந்துச்சா?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

"குளுந்துச்சுங்க" என்றேன்.